வரம்பில்லாத ஞாயிறுகள்

ஜனவரி 5, வியாழன்

காலையில் குடும்ப நீதிமன்றம். பரஸ்பர சம்மத மனு பதிவாகிவிட்டது. எங்கே கையெழுத்துப் போடுவது என்று சென்னியப்பன் வக்கீலைக் கேட்டார். வக்கீல் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டார். நானும் போட்டேன். ஆறு மாதம் கழித்து மறுபடி வர வேண்டும். அதற்குள் யாருக்காவது மனம் மாறினால் சொல்லலாம் என்றார் நீதிபதி. எல்லோரிடமும் சொல்வதுதான் போலிருக்கிறது.

சென்னியப்பன் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசிய இரண்டொரு வார்த்தையையும் என் தோளுக்கு அந்தப் பக்கம் இருந்த சுவரைப் பார்த்தே பேசினார். இத்தனை வருடம் குடித்தனம் செய்த மனிதர். பரவாயில்லை.

வரும் வழியில் மிக்ஸி ஜாருக்குப் பிளேடு மாற்றினேன். புது ஜார் வாங்க வேண்டியதில்லை.

ஜனவரி 8, ஞாயிறு

டாக்டர் அப்பாவு வீட்டில் வழக்கமான ஆட்டம். ஆர்.எஸ்.புரத்தில் அவருடைய கண் மருத்துவமனைக்கு மேல் மாடியில் வீடு. மதியச் சாப்பாடு முடிந்து கூடுவோம், விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கலைந்துவிடுவோம். காசு கிடையாது. பந்தயம் கட்ட எல்லோருக்கும் சமமாகச் சிப் என்கிற பிளாஸ்டிக் வில்லைகள், ஆட்டம் முடிந்ததும் புள்ளி. போக்கர் என்றால் ஊரில் முகம் சுளிப்பார்கள் என்பதால் வெளியே 'சீட்டு' என்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

சென்னியப்பனும் வந்திருந்தார். நானும் அவரும் மஸ்கட்டில் இருந்தபோது சேர்ந்து கற்றுக்கொண்ட ஆட்டம் இது. அவர் பொள்ளாச்சி தோப்பு வீட்டுக்கும் நான் சாயிபாபா காலனி வாடகை வீட்டுக்கும் பிரிந்து போன பிறகும் இருவரில் யாரும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்கவில்லை. அதைப் பற்றிப் பேசிக்கொண்டதும் இல்லை.

இன்று ஒரு மாற்றம். இத்தனை நாள் லிமிட் முறையில் ஆடினோம். அதாவது ஒரு தடவைக்கு இவ்வளவு சிப்தான் கட்டலாம் என்று வரம்பு உண்டு. புதிய செயலாளர் ரிஸ்வான், சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர், நோ-லிமிட்டுக்கு மாற வேண்டும் என்றார். அதில் எப்போது வேண்டுமானாலும் முன்னால் இருக்கும் சிப் எல்லாவற்றையும் தள்ளலாம். ஜூனில் பெங்களூரில் நடக்கும் நட்புப் போட்டிக்கு இரண்டு பேரை அனுப்ப வேண்டும், அங்கே அந்த முறைதானாம்.

கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கவில்லை. சென்னியப்பன் தூக்கினார். மஸ்கட்டில் யாராவது பந்தயத்தை ஏற்றினாலே 'எதுக்குங்க அவசரம்' என்கிறவர். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கை அதிகமாக வந்து மாற்றம் நிறைவேறியது.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். ஆட்டம் இல்லை. இனியா டப்ளினிலிருந்து கூப்பிட்டாள். அப்பாவுக்குத் தனியாகப் பொங்கல் வைக்கத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். பிறகு அவளுடைய வேலையைப் பற்றிப் பேசினோம்.

ஜனவரி 22, ஞாயிறு

நோ-லிமிட்டில் முதல் நாள். எல்லாவற்றையும் இழந்துவிட்டு டாக்டர் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றேன்.

கையில் ராஜாவும் ஜாக்கியும். எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரித்த முதல் மூன்று சீட்டில் ஒரு ராஜா. லிமிட்டில் இது நல்ல நிலைமை. ரிஸ்வான் கட்டக் கட்டக் கூடவே போனேன். கடைசியில் அவர் எல்லாவற்றையும் தள்ளினார். அப்போதும் போனேன். அவரிடம் ராஜாவும் ஏஸும் இருந்தன. என் ஜாக்கி அந்த ஏஸுக்கு முன்னால் நிற்கவில்லை.

லிமிட்டாக இருந்தால் இந்தக் கையில் நாலைந்து பந்தயம் போயிருக்கும், அடுத்த அரை மணியில் திரும்ப எடுத்திருப்பேன். இங்கே ஒரே கையில் மதியமே முடிந்துவிட்டது.

"மேடம், உங்க ஆட்டத்துல தப்பில்ல. ஆரம்பச் சீட்டை எடுக்கறதுலதான் தப்பு" என்றார் ரிஸ்வான். மரியாதையாகத்தான் சொன்னார்.

பிப்ரவரி 1, புதன்

கல்லூரியில் மாடல் தேர்வு. விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன்.

ஆரம்பச் சீட்டைப் பற்றி யோசித்ததை எழுதி வைக்கிறேன். எழுதினால்தான் எனக்கு மனதில் நிற்கும்.

ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. அதைப் பார்த்துவிட்டு ஆடலாமா, கவிழ்த்துப் போடலாமா என்பதுதான் முதல் முடிவு. லிமிட்டில் படச்சீட்டு இரண்டு வந்தால் பெரும்பாலும் ஆடலாம். ஒரு ஜோடி விழுந்தாலே பல கைகளில் ஜெயிக்கும், தோற்றாலும் போவது கொஞ்சம். நாலும் நாலும் மாதிரிச் சின்ன ஜோடிக்கு அங்கே மதிப்புக் குறைவு. மூன்றாவது நாலு எப்போதாவதுதான் விழும், விழுந்தாலும் வரம்பு இருப்பதால் பெரிதாக எதுவும் கிடைக்காது.

நோ-லிமிட்டில் தலைகீழ். சின்ன ஜோடிக்கு நுழைவது மலிவு. மூன்றாவது சீட்டு விழுந்தால் எதிரில் இருப்பவர் வைத்திருக்கும் அத்தனையும் வரும். ஒரே சின்னத்தில் அடுத்தடுத்து வரும் ஏழு-எட்டுக்கும் அப்படியே மதிப்பு ஏறுகிறது. ராஜா-ஜாக்கி போன்ற அரைகுறைப் பெரிய சீட்டுதான் ஆபத்து. ஜெயித்தால் கொஞ்சம் கிடைக்கும், தோற்றால் எல்லாம் போகும்.

இத்தனை வருடம் நான் நம்பி ஆடியது அந்த அரைகுறைப் பெரிய சீட்டுகளைத்தான்.

பிப்ரவரி 19, ஞாயிறு

இன்று சென்னியப்பன் முதலிடம். அவர் ஆடும் விதமே மாறிவிட்டது. சீட்டை முகத்துக்கு அருகில் கொண்டுபோய், கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து, நெடுநேரம் பார்க்கிறார். பெரும்பாலும் கவிழ்த்துவிடுகிறார். எடுத்தால், மேசையில் ஒரு சீட்டு விழும் முன்னாலேயே எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறார். மற்றவர்கள் பயந்து விலகுகிறார்கள்.

சார் நன்றாக மாறிக்கொண்டார், மேடம் இன்னும் லிமிட்டை மறக்கவில்லை என்றார் ரிஸ்வான். சென்னியப்பன் சிரித்தார். என்னைப் பார்த்து அல்ல, ஜன்னலைப் பார்த்து.

மார்ச் 5, ஞாயிறு

நாலும் நாலுமான ஜோடியோடு நுழைந்தேன். மேசையில் ராஜா, ஒன்பது, நாலு. டாக்டரிடம் ஏஸ்-ராஜா இருந்தது. அவருடைய சிப் அனைத்தும் எனக்கு. மூன்று மாதத்துக்கு முன் இந்த ஜோடியைக் கவிழ்த்திருப்பேன். ராஜா-ஜாக்கி இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் கவிழ்த்தேன்.

மொத்தத்தில் இரண்டாம் இடம்.

மார்ச் 12, ஞாயிறு

சென்னியப்பன் ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் தள்ள, ரிஸ்வான் ராணி ஜோடியோடு எதிர்த்தார். சென்னியப்பனிடம் ஆட்டின் (ஹார்ட்) ஏஸும் கிளாவர் ராஜாவும். மேசையில் ஐந்து சீட்டும் விழுந்தன. ஏஸும் வரவில்லை, ராஜாவும் வரவில்லை. சென்னியப்பன், உங்களுக்குத்தான் தம்பி என்று சிப்பை ரிஸ்வான் பக்கம் நகர்த்தத் தொடங்கினார்.

மேசையில் நான்கு ஆட்டின் கிடந்தது. கையில் இருந்த ஆட்டின் ஏஸோடு சேர்த்தால் ஒரே சின்னத்தில் ஐந்து, அதாவது எந்த ஜோடியையும் அடிக்கிற ஃப்ளஷ். குழந்தைக்கும் தெரியும்.

நான் வாயைத் திறக்கும் முன் டாக்டர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "உங்ககிட்ட ஃப்ளஷ் இருக்குதுங்க, சென்னியப்பன். நீங்கதான் எடுக்கோணும்."

அட, கவனிக்கல என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

மார்ச் 26, ஞாயிறு

தலைவலி. போகவில்லை. விடைத்தாள் திருத்தினேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

நாங்கள் முறை வைத்துச் சீட்டுப் போடுவோம். சென்னியப்பன் முறை வந்தபோது மணிக்கட்டு வலி என்று பக்கத்தில் இருந்தவரிடம் கட்டைக் கொடுத்துவிட்டார். பிறகு அதே கையால் தண்ணீர்க் கூஜாவைத் தூக்கி ஊற்றிக்கொண்டார். டம்ளரின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு ஊற்றினார். தண்ணீர் விரலைத் தொட்டதும் நிறுத்தினார்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. சிறுவாணித் தண்ணீர் இனி வாரம் ஒரு முறைதானாம். இன்னொரு டிரம் வாங்க வேண்டும்.

ஏப்ரல் 16, ஞாயிறு

ஒரு கணக்கு ஒத்துவரவில்லை.

சென்னியப்பன் தள்ளுவதும் மற்றவர்கள் எதிர்ப்பதுமாக இருப்பதால், அவர் எந்தச் சீட்டோடு நுழைகிறார் என்பது கடைசியில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஜோடிகள். ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி. அவ்வளவுதான். ஒரு தடவைகூட ஒரே சின்னத்தில் ஏழு-எட்டு இல்லை, எட்டு-ஒன்பது இல்லை.

மஸ்கட்டில் அவருக்குப் பிடித்த சீட்டே அதுதான். லிமிட்டில் அது பெரிய லாபமில்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் விடமாட்டார். முறை மாறியதும் அந்தச் சீட்டுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. நாங்கள் எல்லோரும் இப்போதுதான் அதை ஆடக் கற்றுக்கொண்டிருக்கிறோம். விரும்பி ஆடியவர் சரியாக இந்த நேரத்தில் விட்டிருக்கிறார்.

நோ-லிமிட்டுக்கு மாறியவர் செய்யும் மாற்றம் இது இல்லை. வேறு எதற்கோ மாறியவர் செய்கிற மாற்றம்.

யோசித்துப் பார்த்தேன். லிமிட்டில் தள்ளி முடிக்க வழியில்லை. ஒவ்வொரு கையிலும் நான்கு சுற்று உட்கார்ந்து, மேசையில் விழுவதையெல்லாம் படித்து, சின்னம் பார்த்து, ஒவ்வொரு சுற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். இங்கே தன் கையில் இருக்கும் இரண்டு சீட்டை ஒரு முறை பார்த்தால் போதும். தள்ளிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ளலாம். மீதியை மற்றவர்கள் வாசித்துச் சொல்வார்கள்.

மேலே எழுதவில்லை. தூக்கம் வருகிறது.

ஏப்ரல் 20, வியாழன்

தூங்கவில்லை. அத்தையை நினைத்துக்கொண்டிருந்தேன். சென்னியப்பனின் அம்மா. ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தார்கள். நான் ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டது அதற்காகத்தான். அத்தை நல்ல மனுஷி. அந்த அறையின் டெட்டால் வாசனை மட்டும் இப்போதும் எங்காவது வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அத்தை போய்ச் சில மாதம் கழித்து ஒரு நாள் சென்னியப்பன், இனித் தனியாக இருக்கலாம் என்று தோன்றுகிறது என்றார். சரிங்க என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்கு நான் மிகவும் களைத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

மே 7, ஞாயிறு

இன்று சீட்டுப் போடும் முறை என்னுடையது. மேசையில் மூன்று இஸ்பேட் விரித்து, வாய்விட்டும் சொன்னேன். அந்தக் கையில் சென்னியப்பன் அதிசயமாக எல்லாவற்றையும் தள்ளாமல் உள்ளே இருந்தார். நான்காவது சீட்டைத் திருப்பினேன். டைமன் ஒன்பது. 'இஸ்பேட் ஒன்பது' என்று தவறிச் சொல்லிவிட்டேன்.

சென்னியப்பன் உடனே சீட்டைக் கவிழ்த்தார். "நாலு இஸ்பேட் ஆயிருச்சுங்களா, எனக்கு வேண்டாமுங்க."

கறுப்புச் சீட்டுகளுக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்புச் சீட்டு.

"சார், அது டைமனுங்க. மேடம் மாத்திச் சொல்லிட்டாங்க" என்று ரிஸ்வான் சிரித்தார். சென்னியப்பனும் சிரித்து, நான் மேடத்தை நம்பிவிட்டேன் என்றார். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது சீட்டைப் போட வேறு ஒருவரிடம் கட்டைக் கொடுத்தேன்.

யாருக்கும் வாய் தவறும்.

மே 9, செவ்வாய்

டாக்டரின் மருத்துவமனைக்குப் போனேன். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் டோக்கன் வாங்கினேன். பரிசோதித்துவிட்டு, பழைய பவரே போதும் என்றார். சென்னியப்பனுக்கு என்ன பவர் என்று கேட்டேன்.

பேனாவை மூடி வைத்தார். "கோகிலாம்மா, இங்க வர்றவங்களப் பத்தி நான் யாருகிட்டயும் பேசறதில்லீங்க. நீங்க கேட்டது என்ர காதுல விழுகல. வேணும்னா அவருகிட்டயே கேளுங்க."

தெரியாத விஷயமாக இருந்தால் தெரியாது என்றிருப்பார்.

மே 13, சனி

பொள்ளாச்சி போனேன். சொல்லாமல் போனேன்.

சென்னியப்பன் தேங்காய்க் களத்தில் நின்றிருந்தார். ஆட்டோ சத்தம் கேட்டுத் திரும்பினார். நான் இறங்கி நடந்து அவருக்கு எதிரில் போய் நின்றேன். நல்ல வெயில்.

"யாருங்க?" என்றார்.

நான்தான் என்றேன். உடனே தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, வா, உட்காரு, வெயிலில் எதற்கு நிற்கிறாய் என்றார். வீட்டுத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டார். எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். மறைக்கவில்லை. அம்மாவின் காரியம் முடிந்த பிறகு தெரிந்ததாம். விழித்திரையில் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது. மருந்து கிடையாது. முழு இருட்டாகாது, ஓரத்துப் பார்வை இருக்கும், ஆனால் படிக்கவோ முகம் தெரியவோ போவதில்லை. டாக்டர் சொன்னாரா என்றார். டாக்டர் வாயைத் திறக்கவில்லை, நீங்கள் எடுக்கிற சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்றேன்.

"அதுக்குத்தான் தனியா இருக்கலாம்னு சொன்னீங்களா?"

"ஒம்பது வருசம் எங்கம்மாளுக்குச் செஞ்சே. மறுபடியும் அதையே உன்ர தலைல வெக்கறதுக்கு எனக்கு மனசு வரல, கோகிலா. நான் கேட்டதும் நீயும் சரின்னுட்டே. ஒரு கேள்வி கேக்கல. உனக்கும் அதுதான் நிம்மதியாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"எனக்கு வேற காரணம் தோணுச்சுங்க. என்னைப் பாக்கவே உங்களுக்குப் புடிக்கலைன்னு. கோர்ட்ல கூட செவுத்தப் பாத்துத்தான பேசுனீங்க."

"நேராப் பாத்தா நீ இருக்கற எடத்துல ஒண்ணுமே இல்ல. அப்புடித் திரும்புனாத்தான் ஓரத்துல நீ தெரிவே. உன்னையப் பாக்கறதுக்குத்தான் அந்தப் பக்கம் திரும்பறது."

தேங்காய் உரிக்கிற ஆள் வந்து கூலி விஷயமாக ஏதோ கேட்டார். சென்னியப்பன் எழுந்து போனார். நான் இளநீரைக் குடித்து முடித்தேன்.

கிளம்பும்போது அவரிடம் ஒன்று சொன்னேன். எனக்கு எது நல்லது என்பதை என்னிடம் கேட்காமல் முடிவு செய்தது எனக்குப் பிடிக்கவில்லை என்று. சரி என்றார். ஜூலை ஆறாம் தேதி கோர்ட்டில் பார்க்கலாம் என்றார்.

பஸ்ஸில் வரும்போது கிணத்துக்கடவில் இறங்கித் தக்காளி வாங்கினேன். வீட்டில் ஏற்கனவே ஒரு கூடை இருக்கிறது.

மே 14, ஞாயிறு

அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். முதல் சீட்டு விழும் முன் பேசினார்.

"ஒரு விசயமுங்க. எனக்குக் கொஞ்ச நாளாச் சீட்டு சரியாத் தெரியறதில்ல. கண்ணுல கோளாறு. இனிச் சரியாகாது. மேசைல விழுகறத யாராச்சும் படிச்சுச் சொன்னா ஆடறேன். தொந்தரவா இருந்தா டீ குடிச்சுட்டுப் பேச்சுத் தொணைக்கு உக்காந்திருக்கறேன்."

டாக்டர் எழுந்து போய் அலமாரியைத் திறந்து புதிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சீட்டிலும் எழுத்து கட்டைவிரல் அளவு. நான்கு சின்னத்துக்கும் நான்கு நிறம். எப்போது வாங்கி வைத்தார் என்று தெரியவில்லை, உறையில் தூசி இருந்தது. ரிஸ்வான் நாற்காலியை அவர் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டு, நான் படிக்கிறேன் சார் என்றார்.

ஆட்டம் பழையபடி ஆகவில்லை. எல்லோரும் அவரிடம் மெதுவாக ஆடினார்கள். ஜெயிக்கிற சீட்டை வைத்துக்கொண்டு அவருக்காகக் கவிழ்த்தார்கள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கடைசியில் எனக்கு ஏஸ் ஜோடி வந்தது. சென்னியப்பன் ஏற்றினார். நான் எல்லாவற்றையும் தள்ளினேன். ரிஸ்வான் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. சென்னியப்பன் யோசித்துவிட்டு எதிர்த்தார். பத்தும் பத்துமான ஜோடி வைத்திருந்தார். மேசையில் அவருக்கு உதவுகிற சீட்டு ஒன்றும் விழவில்லை. அவர் முன்னால் இருந்த அத்தனை சிப்பையும் இழுத்துக்கொண்டேன்.

"ஏஸா?" என்றார்.

"ஆமாங்க."

சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகு நாளாகிறது. அதற்குப் பிறகு எல்லோரும் ஒழுங்காக ஆடினார்கள்.

மே 28, ஞாயிறு

அவர் மறுபடி ஒரே சின்னத்து ஏழு-எட்டை ஆடத் தொடங்கிவிட்டார். என் கணக்குகளை மாற்ற வேண்டும்.

ஜூன் 11, ஞாயிறு

பெங்களூர். புள்ளிக் கணக்கில் முதல் இருவர் நானும் ரிஸ்வானும்.

போனதும் ஒரு செய்தி. ஆட்டம் முழுக்க நோ-லிமிட் இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை லிமிட்டுக்கும் நோ-லிமிட்டுக்கும் மாறிக்கொண்டே இருக்குமாம். எங்களோடு சேர்ந்த புதிதில் சில வாரம் ஆடியதைத் தவிர ரிஸ்வானுக்கு லிமிட் பழக்கமில்லை. எவ்வளவு ஏற்றினாலும் யாரும் பயந்து போகவில்லை. கட்ட வேண்டியது கொஞ்சம்தானே, எல்லோரும் கடைசிச் சீட்டுவரை உட்கார்ந்திருந்தார்கள். "மேடம், ஒருத்தரும் எந்திரிக்க மாட்டேங்கறாங்க" என்று இடைவேளையில் வந்து புலம்பினார். ஏழு-எட்டை வைத்துக்கொண்டு மிரட்ட முடியாது, படச்சீட்டுக்குக் காத்திருங்கள் என்றேன்.

எனக்குக் கஷ்டமாக இல்லை. மணி அடித்ததும் ராஜா-ஜாக்கியை எடுத்தேன், மறுபடி மணி அடித்ததும் அதைக் கவிழ்த்தேன். ஒரே சீட்டு. எந்தச் சீட்டும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ இல்லை என்று தோன்றியது.

ஐந்தாவதாக வந்தேன். ஸ்டேஷனில் இருக்கும்போது சென்னியப்பன் கூப்பிட்டார். போனிடம் வாயால் பெயர் சொன்னால் அதுவே போட்டுக்கொடுக்கிறதாம். எந்தச் சீட்டில் தோற்றாய் என்று கேட்டார். ரயில் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். கோர்ட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 24, சனி

வக்கீல் போன் செய்து தேதியை நினைவுபடுத்தினார். ஆதார் அட்டை கொண்டுவரச் சொன்னார். பழைய பீரோவில் தேடி எடுத்தேன்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் மாடிப்படியில் பகலிலும் எரிகிற மாதிரி விளக்கு போட முடியுமா என்று கேட்டேன். பகலில் எதற்கு என்றார். என் செலவிலேயே போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

ஜூலை 6, வியாழன்

நீதிபதி முதலில் அவரைக் கேட்டார். சம்மதமுங்க என்றார். பிறகு என்னைக் கேட்டார்.

"எனக்குச் சம்மதம் இல்லீங்கம்மா."

எங்கள் வக்கீல் என் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். நீதிபதி அவரை நிறுத்திவிட்டு, முன்பு சம்மதித்தீர்களே என்றார். அப்போது காரணம் எனக்குத் தெரியாது, இப்போது தெரியும், தெரிந்து யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்றார். இல்லை என்றேன். சென்னியப்பன் சுவர்ப் பக்கம் திரும்பினார். திரும்பியபடியே வெகுநேரம் இருந்தார்.

மனு தள்ளுபடி.

வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கும்போது அவர் கோபமாக இருந்தார். "பாவம் பாக்கறியா?"

"பாவம் பாத்திருந்தா ஏஸ வெச்சுக்கிட்டு உங்க சிப்பெல்லாம் வாரியிருப்பனுங்களா?"

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஊரில் நாங்கள் சேர்ந்து இருந்த பெரிய வீட்டுக்கு வர மாட்டேன், அத்தை படுத்திருந்த அறை இருக்கும் வீட்டில் என்னால் இருக்க முடியாது. கல்லூரி வேலையை விட மாட்டேன். பகலில் நான் இல்லாத நேரத்துக்கு ஆள் வைத்துக்கொள்ள வேண்டும், வாய்விட்டுப் படிக்கிற கருவிகள் என்னென்ன இருக்கின்றனவோ அதையெல்லாம் அவர் கற்றுக்கொள்ள வேண்டும். குளிப்பாட்டி ஊட்டிவிட என்னை எதிர்பார்க்கக் கூடாது. இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டால் என் வாடகை வீட்டுக்கு வரலாம்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

"யோசிங்க. இந்தத் தடவ நான் சொல்றதக் கேட்டுட்டுத்தான முடிவு பண்ணப் போறீங்க."

டிரைவர் காரை எடுத்து வந்தார். எனக்கு மதியம் வகுப்பு இருந்தது. ஆட்டோ பிடித்துப் போனேன்.

ஜூலை 9, ஞாயிறு

ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. மூன்றாம் இடம்.

ஜூலை 13, வியாழன்

போன் வந்தது. தோப்பைப் பங்காளி மகனிடம் குத்தகைக்கு விட்டாயிற்று என்றார். உன் வீட்டில் அலமாரியில் இடம் இருக்குமா என்று கேட்டார். ஒரு தட்டு காலி செய்கிறேன் என்றேன்.

ஜூலை 15, சனி

மதியம் வந்தார். காரைக் கீழே நிறுத்திவிட்டு டிரைவர் பெட்டிகளை மேலே கொண்டுவந்து வைத்தார். கையைப் பிடித்துக் கூட்டிவரட்டுமா என்று என்னைக் கேட்டார். அவரையே கேளுங்கள் என்றேன். கீழே போய்க் கேட்டிருக்கிறார், வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

நான் மாடி வாசலில் நின்றேன். அவர் கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டு ஏறினார். திருப்பத்தில் ஒரு முறை நின்று, காலால் படியைத் தேடி, பிறகு ஏறினார். இறங்கிப் போக வேண்டும் என்று இருந்தது. போகவில்லை.

எதிர் வீட்டு அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். நான் இங்கே குடி வந்ததிலிருந்து என்னைத் தனி ஆள் என்றே தெரிந்தவர். யாருங்க வர்றாங்க, உங்க அண்ணனா என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருங்க."

அவர் மேலே வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். செருப்பை எங்கே விடுவது என்றார். வலது பக்கம் என்றேன். சாப்பாடு எடுத்து வைத்தேன். ரசம், பீர்க்கங்காய்க் கூட்டு, அப்பளம். எந்தப் பக்கம் உட்காரட்டும் என்று கேட்டார். ஜன்னல் பக்கம் என்றேன். உட்கார்ந்தவர் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீயும் போட்டுக்க" என்றார்.

போட்டுக்கொண்டேன்.